பாதி கேமுக்கு முழு விலையா?

கேள்வி: முடிக்காத கேமை ‘ஏர்லி ஆக்சஸ்’ என்று முழு விலைக்கே விற்கிறார்களே, நம்பி வாங்கலாமா?

பதில்: விலை அதிகம் என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள். ‘பால்டர்ஸ் கேட் 3’ 2020 அக்டோபரில் வந்தபோது முதல் அங்கம் மட்டும்தான் இருந்தது. விலையோ 60 டாலர். ஆனால் பிழைகள் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் முழுதாகக் கொடுத்தார்கள். முன்பே வாங்கியவர்களிடம் மேற்கொண்டு பணம் கேட்கவில்லை.

‘மைன்கிராஃப்ட்’ 2009-ல் குறைந்த விலையில் தொடங்கி, வளர வளர விலையை ஏற்றியது. முதலில் நம்பியவருக்குச் சலுகை! எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. நான் ஒரு விண்வெளி கேமை முழு விலைக்கு வாங்கிய மூன்றாம் வாரமே பாதி விலைக்கு விற்றார்கள். அப்புறம் அப்டேட்டும் நின்றுபோனது. பணம் போனதைவிட, முதலில் நம்பியதற்கே தண்டனை என்பதுதான் வலித்தது. அந்த நிறுவனத்தின் அடுத்த கேமை நான் தொடவே இல்லை.

சரி, வாங்குவதென்றால் இன்று இருக்கும் கேமுக்கு அந்த விலை தகுமா என்று மட்டும் பாருங்கள்; நாளை வரப்போவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் நாளே உட்கார்ந்து சோதித்துவிடுங்கள்.