காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் டீசல் ஜீப்

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன். 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப், பெஜோ டீசல் எஞ்சின். டிசம்பர் பிறந்ததிலிருந்து காலையில் ஏழெட்டு தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. அடிக்கும்போதே வெள்ளைப் புகை மண்டுகிறது. மதியத்தில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் பம்ப், நாசில் எல்லாவற்றையும் இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல். அதாவது பம்ப் வேலை செய்கிறது, நாசில் வழியாக டீசலும் உள்ளே போகிறது. பற்றிக்கொள்ளச் சூடுதான் போதவில்லை. செல்ஃப் அடித்தும் புகையே வராமல் இருந்தால், ராத்திரியில் டீசல் டேங்குக்கு இறங்கி லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்குவதில் வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதோடு உறைபனிக் குளிரும் சேர்ந்தால், சமவெளியில் தெரியாமல் ஓடும் சின்னக் குறைகூட அங்கே வெளியே வந்துவிடும். ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் வண்டியை ராத்திரி நிறுத்திப் பாருங்கள். அங்கே காலையில் உடனே பிடித்தால், உங்கள் பிரச்சினை சூடு போதாததுதான் என்பது உறுதி.

என் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் பிளக். பென்சில் வகையில் நான்கும் தனித்தனியாக ஓடுவதால், இரண்டு செத்தாலும் மதியத்தில் தெரியாது. பழைய காயில் வகை வரிசையாக இணைத்திருக்கும். ஒன்று போனால் நான்கும் போச்சு. பென்சில் வகையைச் சோதிப்பது எளிது. பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரை பேட்டரியின் பிளஸ்ஸிலும் இன்னொன்றை ஒவ்வொரு பிளக்கின் முனையிலும் வையுங்கள். பல்பு எரியாத பிளக் கருகிவிட்டது. நான்கும் எரிந்தால், பட்டையைத் திரும்ப மாட்டி, ஹீட்டர் போட்டதும் அதற்கு கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஸ்விட்ச், ரிலே, ஒயர் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம்.

அடுத்து பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்; சில சமயம் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள எர்த் ஒயர் துருப்பிடித்துத் தொலைந்திருக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், அமுக்கப்படும் காற்று பிஸ்டன் ரிங் ஓரமாகக் கசிந்துவிடும், சூடு ஏறாது. இப்போது 20டபிள்யூ-40 ஆயில் ஓடினால், குளிரில் அதைவிட இளகலாக இருக்கும் 15டபிள்யூ-40 போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மாறவில்லையா? அப்போது டேப்பட் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, வால்வு முழுதாக மூடாமல் இருந்தால் அங்கேயே தெரியும். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் அப்புறம். நாசில் அதற்கும் அப்புறம்தான்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். ஹீட்டர் பிளக் இருக்கும் வண்டியில் அதைச் செய்யாதீர்கள். சூடான பிளக்கில் ஸ்ப்ரேயில் உள்ள ஈதர் பட்டதும் நேரம் தப்பிப் பற்றி, பிஸ்டன் ரிங் உடையும். அவசரத்துக்குச் சரிவில் உருட்டி செகண்ட் கியரில் விடுவது எவ்வளவோ மேல். ஊட்டியில் சரிவுக்கா பஞ்சம்?