உயிர் என்றால் என்ன: துறைக்குத் துறை பதில் ஏன் மாறுகிறது?

"உயிரியல், இயற்பியல், மருத்துவம், தத்துவம் என ஒவ்வொன்றும் உயிரை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறதே, எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரையறைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அந்தந்தத் துறைக்கு எதை முடிவு செய்தாக வேண்டிய கட்டாயம், அதற்காக எதை அளக்கிறது என்று பாருங்கள்.

1976இல் செவ்வாயில் இறங்கிய அமெரிக்காவின் வைக்கிங் விண்கலங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு சோதனையில், அரை கன சென்டிமீட்டர் அளவு மண்ணில் கதிரியக்கக் கார்பன்-14 கலந்த சத்துக் கரைசலைச் சொட்டுவிட்டார்கள். நுண்ணுயிர் இருந்தால் அதைத் தின்று வாயுவை வெளியிடும், அந்த வாயுவில் கதிரியக்கம் தெரியும் என்பது கணக்கு. தெரிந்தது! அதே மண்ணை 160 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் சுட்டபின் செய்தால் வாயு வரவில்லை. முன்கூட்டியே வகுத்த விதிப்படி இது "உயிர் உண்டு" என்ற விடை.

சிக்கல் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. இரண்டாவது முறை கரைசல் விட்டபோது வாயு கூடவில்லை, குறைந்தது. உயிருள்ளது என்றால் மறுபடியும் தின்றிருக்க வேண்டும். கலத்திலிருந்த இன்னொரு கருவியோ மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கிக் கரிமச் சேர்மங்களைத் தேடியது. குளோரின் சேர்ந்த ஓரிரு சேர்மங்கள்தான் கிடைத்தன. பூமியில் கருவியைச் சுத்தம் செய்த கரைப்பானின் மிச்சம் என்று அவற்றையும் ஒதுக்கினார்கள். உடலுக்கான பொருளே இல்லாமல் உயிர் ஏது? பிறகு 2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. சூடாக்கினால் அது கரிமப் பொருளை எரித்துவிடும். ஆக, "இல்லை" என்ற அந்த விடைக்கும் பலம் குறைந்தது. அந்த வாயு வந்ததற்கு மண்ணின் வேதிவினைதான் காரணம் என்பது இன்றைக்குப் பெரும்பாலோர் கருத்து. சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின் கடைசிவரை அதை ஏற்கவில்லை. என் பார்வையில், கோளாறு கருவியில் இல்லை. "உயிர் என்றால் நாம் கொடுப்பதைத் தின்னும்" என்ற அனுமானத்தில் இருக்கிறது.

இயற்பியலின் கவலை வேறு. எல்லாம் சீர்குலையும் உலகில் ஒன்று மட்டும் எப்படிச் சிதையாமல் நிற்கிறது? 1943இல் டப்ளின் சொற்பொழிவுகளில் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் எழுப்பிய கேள்வி இது. ஆழமான கேள்விதான். ஆனால் இதை மட்டும் அளவுகோலாக வைத்தால், எரியும் விளக்குச் சுடரும் உயிர்ப் பட்டியலுக்குள் வந்துவிடும்.

உயிரியலில் இருவரை நேருக்கு நேர் நிறுத்துங்கள். 2016இல் ஆய்வகத்தில் உருவாக்கிய சின்3.0 என்ற செல்லுக்கு 473 மரபணுக்கள், சுமார் 5.31 லட்சம் டி.என்.ஏ. எழுத்து இணைகள். அதை உயிர் என்கிறோம். மிமி வைரஸுக்கு ஏறத்தாழ 12 லட்சம் இணைகள், ஆயிரத்தை ஒட்டிய மரபணுக்கள். அதை உயிர் என்று சொல்லத் தயங்குகிறோம், காரணம் அமீபாவுக்குள் புகாமல் அது பெருக முடியாது. சின்3.0 மட்டும் என்ன, கொழுப்பு முதல் எல்லாம் கலந்த சத்துக் கஞ்சியை விட்டு வெளியே வந்தால் பிழைக்காது. போதாக்குறைக்கு, அதன் செல்கள் தாறுமாறான வடிவங்களில் பிளந்தன. சில மரபணுக்களைத் திருப்பிச் சேர்த்த பிறகே ஒழுங்காகப் பிரிந்தன.

மருத்துவத்துக்கு இந்த விவாதத்துக்கெல்லாம் நேரமில்லை. உயிர் இருக்கிறதா, மூளைச்சாவா என்று குறித்த மணிக்குள் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி 4 மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை மூளைத்தண்டைச் சோதிக்கிறது: கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, காதில் பனிக்கட்டி போலக் குளிர்ந்த நீர் விட்டால் கண் அசைகிறதா, தொண்டையில் குழாய் பட்டால் இருமல் வருகிறதா. கடைசியாக மூச்சுச் சோதனை. முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைப் பிரித்து, 8 முதல் 10 நிமிடம் நெஞ்சைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டியும் மூச்சு எடுக்கவில்லை என்றால்தான் முடிவு. தவறு நேரும் இடம், சோதனைகளுக்கு முன்பே மற்ற காரணங்களை விலக்க வேண்டிய படிதான். மயக்க மருந்து உடலில் தங்கியிருந்தாலோ, உடல் மிகவும் குளிர்ந்திருந்தாலோ உயிருள்ளவரும் இறந்தவர்போலவே காட்டுவார். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவருக்கு அந்த மருந்து வெளியேற அதிக நேரமாகும். மறுபுறம், மூளைச்சாவுக்குப் பின்னும் தண்டுவடத்தால் கைகால் அசையலாம். அதைப் பார்த்துக் குடும்பத்தார் பதறுவது இயல்பு. முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தத்துவத்துக்குப் பதிலாக நம் இலக்கணத்தைச் சொல்கிறேன். தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி உயிர்களைப் புலன் எண்ணி அடுக்குகிறது: புல்லும் மரமும் ஓரறிவு, எறும்புக்கு மூன்று, மனிதருக்கு மனத்தோடு ஆறு. எறும்புக்குக் கண் உண்டே என்று இன்று குறை சொல்லலாம். ஆனாலும் "உயிர் உண்டா, இல்லையா" என்று கேட்காமல் "எவ்வளவு" என்று கேட்ட அளவுகோல் அது. திணை பிரிக்கும்போதோ உயிர் கணக்கிலேயே வருவதில்லை. மரமும் அஃறிணை, கல்லும் அஃறிணை. மரம் விழுந்தது, கல் விழுந்தது. வினைமுற்றுக்கு அவ்வளவு போதும்.