கல்யாணக் கடனும் என் நகையும்: யார் அடைப்பது?

கேள்வி: தை மாதம் திருமணமானது. மேடவாக்கத்தில் வாடகை வீடு, வாடகை 17,000. கணவருக்கு சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, கைக்கு 62,000 வருகிறது. நான் தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன், 34,000. கல்யாணச் செலவுக்காக அவர் 6 லட்சம் பர்சனல் லோன் வாங்கியிருப்பது (13%, நான்கு ஆண்டு) மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. என் நகையை வைத்து அதை அடைத்துவிடலாம் என்கிறார் மாமியார். நான் அம்மாவுக்கு மாதம் 8,000 அனுப்புகிறேன், அவர் தன் பெற்றோருக்கு 10,000 தருகிறார். சம்பளத்தை ஒரே கணக்கில் போடுவதா, தனித்தனியா?
– வாசகி, சென்னை

பதில்: கணக்கு எத்தனை என்பது இரண்டாவது கேள்வி. முதலில் வேறு கடன் ஏதும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவரவர் கிரெடிட் ரிப்போர்ட்டை (வங்கிக் கடன்களின் பதிவு) எடுத்துச் சேர்ந்து பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அது இலவசம். கைமாற்று, எடுத்துவிட்ட சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணை, நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து ஆகியவை அதில் முழுதாக வராது. அவற்றை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். உங்களிடம் இருப்பதையும் அதேபோல் சொல்லிவிடுங்கள். அவர் மறைத்தது உங்களுக்கு வலித்திருக்கும், அந்த வலி நியாயமானது. ஆனால் குற்ற விசாரணையாகக் கேட்டால் அடுத்த கடனையும் மறைப்பார்.

நகை விஷயத்தில் தெளிவாகச் சொல்கிறேன். பிறந்த வீட்டில் போட்டதும் திருமணத்தில் உங்களுக்கென்று வந்ததும் உங்கள் சொத்து. 2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது: மனைவியின் சீதனத்தில் கணவருக்கு உரிமை இல்லை, நெருக்கடியில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு. நகையை விற்பது எனக்குச் சம்மதமில்லை. செய்கூலி, சேதாரம், 3% ஜி.எஸ்.டி. எல்லாம் போய்விடும். மீண்டும் வாங்கும்போது அத்தனையையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

அடகு வைப்பது வேறு. வங்கி நகைக்கடன் வட்டி பெரும்பாலும் பர்சனல் லோன் வட்டியைவிடக் குறைவு. அதனால் மாமியார் சொல்வது கணக்குப்படி தவறல்ல. ஆனால் தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். முழு மனதோடு நீங்களே சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். நகைக்கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும், தவணை அவர் கணக்கிலிருந்து போகட்டும். பர்சனல் லோனை முன்கூட்டியே முடிக்க வங்கி எவ்வளவு கட்டணம் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மொய்ப் பணம் எங்கே என்ற எண்ணமும் வந்திருக்கலாம். அதைக் கேட்டு நிற்க வேண்டாம் என்பேன். மொய் நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பெரியவர்கள் திருப்பிச் செய்தாக வேண்டும்.

இனி மாதக் கணக்கு. செலவைப் பாதிப் பாதியாகப் பிரிப்பது சமமாகத் தெரியும், ஆனால் குறைந்த சம்பளக்காரருக்கு அது அநியாயம். பெற்றோருக்குக் கொடுப்பதை முதலில் கழியுங்கள். உங்கள் அம்மாவுக்குப் போகும் 8,000-க்கும் அவர் வீட்டுக்குப் போகும் 10,000-க்கும் ஒரே மரியாதை. கல்யாணக் கடன் தவணை சுமார் 16,100, அது அவர் பங்கிலிருந்து போகட்டும். மிச்சம் அவரிடம் 35,900, உங்களிடம் 26,000. வாடகை, மளிகை, கரண்ட், பெட்ரோல் என்று வீட்டுச் செலவு 40,000 என வைத்தால், மிச்சத்தின் விகிதப்படி அவர் 23,200, நீங்கள் 16,800. இந்த 40,000-க்கு மட்டும் ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட் திறங்கள், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும் வகையில். சம்பளக் கணக்குகள் தனித்தனியாகவே இருக்கட்டும்.

மீதியில் ஆளுக்கு 3,000 கேள்வி கேட்காத பணம். அவர் கிரிக்கெட் மட்டை வாங்கலாம், நீங்கள் தி.நகரில் சேலை எடுக்கலாம். அதுபோக மாதம் 15,900 நிற்கும். பத்து மாதத்தில் அவசரத் தேவைக்கு ஒன்றரை லட்சம் சேர்ந்துவிடும். ஆடிச் சீர், தலை தீபாவளிக்கு அதைத் தொடாதீர்கள். இரு வீட்டிலும் இப்போதே பேசி அளவாகச் செய்யச் சொல்லுங்கள். ஒன்றரை லட்சம் சேர்ந்தபின் வரும் உபரி முழுவதும் கடனுக்குப் போகட்டும்.

இன்னும் இரண்டு வேலைகள். திருமணத்துக்கு முன் பி.எஃப்-இல் போட்ட நாமினேஷன் திருமணமானதும் செல்லாது. இருவரும் ஆன்லைனில் புதிதாகப் போடுங்கள். அவர் டெர்ம் இன்ஷூரன்ஸ் (பாலிசி காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை தருவது) எடுக்கும்போது 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுக்கட்டும். பொதுவாக அவருடைய கடன்காரர்கள் அந்தத் தொகையில் கைவைக்க முடியாது.

நகை பற்றி மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டாம். "கடன் நான் வாங்கியது, நானே கட்டுகிறேன் அம்மா" என்று உங்கள் கணவர் சொல்லட்டும். மகன் சொன்னால் அது வீட்டு முடிவு, நீங்கள் சொன்னால் மருமகள் மறுத்ததாக ஆகிவிடும்.