வெயில் விழும் ஜன்னலோரத்தில் மீன் தொட்டி வைக்கலாமா?

கடலூரில் சின்ன வாடகை வீடு, ஹாலில் வெயில் விழும் ஜன்னலோரத்தை விட்டால் வேறு இடம் இல்லை, அங்கே இரண்டடித் தொட்டி வைத்தால் பாசி பிடித்துவிடும் என்கிறார்களே, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வைக்கலாம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலும் எட்டு வருஷமாகத் தொட்டி ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் பாசியைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். பாசி பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் கவனிக்க வேண்டியது தண்ணீரின் சூட்டை.

முதல் வருஷம் மூன்று கோல்டு ஃபிஷ் வாங்கினேன். தொட்டி நிறைய வேலம்பாசி என்ற நீர்ச்செடி. செடிதான் ஆக்சிஜன் கொடுக்கிறதே என்று நம்பி, சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை என்று ஏர் பம்ப்பை ராத்திரியில் நிறுத்தி வைப்பேன். கத்திரி வெயில் சமயத்தில் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்குப் பால் வாங்க எழுந்து வந்து லைட்டைப் போட்டால், மூன்றும் மேல் மட்டத்தில் வாயைப் பிளந்தபடி நிற்கின்றன. செவுள் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஓடிப்போய்ப் பம்ப்பைப் போட்டேன். ஒன்றுதான் பிழைத்தது. அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் மனசு பிசைகிறது.

நடந்தது இதுதான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். செடியும் பாசியும் வெளிச்சம் இருக்கும்வரைதான் ஆக்சிஜன் கொடுக்கும். இருட்டியதும் மீனைப் போல அவையும் அதைத்தான் சுவாசிக்கும். அதனால் விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். பகலில் எதை நிறுத்தினாலும் ராத்திரியில் பம்ப்பை நிறுத்தாதீர்கள். சத்தம்தான் பிரச்சினை என்றால் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வையுங்கள், பாதி அடங்கிவிடும்.

அடுத்து, உங்கள் ஜன்னல் எந்தத் திசை? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மேற்கு என்றால் வேண்டாம். இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும்வரை சூடு ஏறிக்கொண்டே இருக்கும். கிழக்கு பரவாயில்லை, காலை வெயில் சீக்கிரம் மேலே ஏறிவிடும். தெற்கு ஜன்னலில் கோடை வெயில் நேராக விழும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். நம் ஊரில் ஏப்ரல் 20 வாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே வந்து, அப்புறம் ஆகஸ்ட் 22 வாக்கு வரை வடக்கே சாய்ந்திருக்கும். ஆக, கத்திரியில் தெற்கு ஜன்னல் வழியாக நேர் வெயில் அநேகமாக வராது. மார்கழி, தையில்தான் வீட்டுக்குள் நீளமாக விழும். அப்போது ஊரே குளிர்ந்திருப்பதால் தாங்கிக்கொள்ளலாம்.

தொட்டியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். ஜன்னலைப் பார்த்த கண்ணாடியில் தெர்மோகோல் அட்டை ஒட்டிவிட்டால் வெளிச்சம், சூடு இரண்டும் மறையும். எனக்கு மிகவும் பலன் கொடுத்தது அதுதான். கோடையில் மூடியை எடுத்துவிட்டு மேலே வலை போட்டு, ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேல் வீசுகிற மாதிரி திருப்பி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள். திடீர்க் குளிர் மீனுக்கு ஆகாது.

ஃபேன் போட்டால் தண்ணீர் வற்றும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். கடலோரத் தெருக்களில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதையே ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை கால் பங்கை வெளியே எடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் விடுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் ஒருநாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றவும்.

தீனியைக் குறையுங்கள். மிச்சத் தீனி அழுகினால் அம்மோனியா வரும். வெயில் பட்டுச் செடிகள் தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் மத்தியானம் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு, ஏறும். சூடும் பி.எச்.சும் கூடும்போது அதே அம்மோனியா இன்னும் விஷமாகும். பாசிக்கும் அந்தக் கழிவுதான் உரம். கண்ணாடியில் படிவதை வாரம் ஒருமுறை பழைய ஸ்பாஞ்சால் துடைத்தால் போதும். பாசி தின்னும் என்று கடையில் சக்கர் மீனைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். ஓரடிக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டியில் பாவம். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள், அது நம் ஏரி மீன்களுக்குக் கேடு.

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், இந்த இடத்துக்கு வேண்டாம். கப்பி, மோலி, கௌராமி நம் சூட்டைத் தாங்கும். மோலிக்குக் கொஞ்சம் உப்புத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும்.

தொட்டி வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அதே இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை இரண்டு நாள் வைத்து, காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். மாலையில் 32-ஐத் தாண்டினால் முதலில் தெர்மோகோலையும் திரையையும் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவையும் ஜன்னலின் திசையையும் இங்கே எழுதினால் எந்த மீன், எத்தனை என்று சொல்கிறேன்.