கோயிலுக்கு மேல பறந்தா கருடன், வீட்டில வந்து இருந்தா சாவோ?

கேள்வி: எங்கட புதுவீட்டுத் தண்ணி டாங்கில மூண்டு நாளா ஒரு கழுகு வந்து குந்துது. தலையும் நெஞ்சும் வெள்ளை, மிச்சமெல்லாம் செங்கல் நிறம். கழுகு இருந்த வீட்டில சாவு விழும், சாந்தி செய்யவேணும் எண்டு ஒருத்தர் 45,000 ரூபா கேக்கிறார். எந்த நாட்டிலயும் கழுகெண்டா சாவுதானே அர்த்தம்?
- வாசகி, கொடிகாமம்

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தக் காசைக் குடுக்காதேங்கோ. நீங்கள் சொன்ன நிறத்தை வச்சே சொல்லுறன், அது கழுகில்லை, செம்பிராந்து. கடற்கரையில மீன் இறக்கேக்க தலைக்கு மேல சுத்திறதும் அதுதான், கும்பாபிஷேகத்தில கலசத்துக்குத் தீர்த்தம் ஊத்தேக்க மேல வட்டமிட்டா "கருடன் வந்திட்டார்" எண்டு சனமெல்லாம் அண்ணாந்து பாத்துக் கையெடுத்துக் கும்பிடுறதும் அதைத்தான். கோயிலுக்கு மேல வந்தா சாமி, உங்கட டாங்கில வந்து இருந்தா பீடையோ? காசு கேக்கிற ஆளிட்ட இதை ஒருக்கா கேளுங்கோ.

சரி, மெய்யான கழுகே, செத்ததைத் திண்டு வாழுற பிணந்தின்னிக் கழுகே, வந்திட்டுதெண்டு வைப்பம். சாவுதான் அர்த்தமெண்டு ஆர் சொன்னது? பழைய எகிப்தில அம்மா எண்ட சொல்லை எழுதுறதுக்கே கழுகுப் படத்தைத்தான் கீறினவை. நெக்பெத் எண்டு அவையின்ர காவல் தெய்வம் கழுகு உருவம், துட்டன்காமன் எண்ட ராசாவின்ர தங்க முகமூடியைப் படத்தில பாத்திருப்பீங்கள், நெத்தியில நாகத்துக்குப் பக்கத்தில இருக்கிற தலை அந்தக் கழுகுதான். ரோமாபுரிக் கதையில நகரத்தை ஆர் கட்டுறதெண்டு அண்ணன் தம்பிக்குள்ள பிரச்சினை வர, ரெமுஸ் 6 கழுகைக் கண்டான், ரோமுலுஸ் 12 கண்டான், அவன்ர பேரிலதான் ஊர். திபெத்தில செத்த உடம்பை மலையில வச்சுக் கழுகுக்குக் குடுக்கிறது, கடைசியாச் செய்யிற தானம் எண்டு.

அதெல்லாம் தூரம், எங்கட கதைக்கு வாங்கோ. சீதையைத் தூக்கிக்கொண்டு போன ராவணனை வழியில மறிச்சு நிண்டது ஆர்? கிழட்டுக் கழுகு சடாயு. செட்டை வெட்டுப்பட்டு விழுந்து, ராமன் வருமட்டும் உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்து சேதி சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடுது, தசரதனுக்குப் பக்கத்தில நிண்டு கொள்ளி வைக்கக் குடுத்துவைக்காத ராமன் இந்தப் பறவைக்கு ஒரு மகன் செய்யவேண்டிய கடனெல்லாம் செய்யிறான், எனக்கு இந்த இடம் எப்ப வாசிச்சாலும் தொண்டை அடைக்கும். பிறகு, சீதை இலங்கையில இருக்கிறா எண்டு கடலுக்கு அங்கால கரையில இருந்தே கண்டு சொன்னது அதின்ர அண்ணன் சம்பாதி. இதைப் படிச்ச சனம் கழுகைச் சாவுக்குறி எண்டு சொல்லுறதை என்னால ஏற்க ஏலாது.

உண்மையிலயே செத்தது கழுகுதான். தமிழ்நாட்டுத் திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில மத்தியானப் பொங்கலுக்கு ரெண்டு வெள்ளைக் கழுகு வந்துகொண்டிருந்தது, 1990களோட அந்த வரவு நிண்டுபோச்சு. அதே காலத்தில இந்தியா முழுக்கக் கழுகு அழிஞ்சுது. காரணம் மாட்டுக்கு ஊசி போடுற டைக்ளோபினாக், வலிமருந்து. மருந்து குடுத்த மாடு செத்தா, அந்த இறைச்சியைத் திண்ட கழுகுக்குக் கிட்னி பழுதாகிச் சாவு. 2004இலதான் இதைக் கண்டுபிடிச்சவை, 2006இல மாட்டு மருந்தாப் பாவிக்கிறதை இந்தியா தடைசெய்தது, அதுக்குள்ள ஒரு இனம் 100க்கு 99க்கு மேல போட்டுது. செத்த மாட்டைத் துப்புரவாக்க ஆளில்லாமல் தெருநாய் பெருகிச்சு, மும்பையில பார்சி எண்ட மதத்துச் சனம் செத்தவையை வைக்கிற மௌனக் கோபுரத்துக்கும் கழுகு வாறேல்ல. அரசியல்வாதியைத் திட்டுறதுக்குப் பிணந்தின்னிக் கழுகு எண்டு சொல்லுறதையும் விடுங்கோ, அது ஒருத்தரையும் கொல்லுறேல்ல, கிடக்கிற அழுகலைத் திண்டு நோய் பரவாமல் பாக்குது.

உங்கட டாங்கில இருக்கிறதின்ர வாலை வடிவாப் பாருங்கோ. நுனி வட்டமா இருந்தாச் செம்பிராந்து, ரெண்டாப் பிளந்து உடம்பும் மண்ணிறமா இருந்தாக் கரும்பிராந்து. அப்பிடியில்லாமல் மஞ்சள் முகம், அழுக்கு வெள்ளை உடம்பெண்டா உடன ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ. இலங்கையில கழுகு குடியிருக்கிறேல்ல, எப்பவாவது ஒண்டு வழிதவறி வந்தாத்தான் உண்டு. வந்திருந்தா அடுத்த இதழ் அட்டையில அதுதான்.