பூச்சிகளை ரசிப்பவர் வீட்டுக்குள் கரப்பானும் கொசுவும் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

எனக்கும் இதே நிலைதான். தோட்டத்தில் ஒரு பூச்சி கண்ணில் பட்டால் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பேன். அதே ஆள், சமையல் மேடையில் கரப்பான் ஓடினால் விடமாட்டேன். இதில் முரண் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உலகில் 4,000-க்கு மேற்பட்ட கரப்பான் இனங்கள் உண்டு. மனிதர் வீட்டை ஒட்டி வாழ்பவை ஏறக்குறைய 30 இனங்கள்தான். மற்றவற்றில் பல காட்டில் சருகைத் தின்று மண்ணுக்கு உரமாக்கிக்கொண்டிருக்கின்றன.

வீட்டுக்குள் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். கரப்பான் பசியைத் தாங்கும் அளவுக்குத் தாகத்தைத் தாங்காது. படுக்கப்போகும் முன் சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள், எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காதீர்கள், ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். பெரிய செம்பழுப்புக் கரப்பான் பெரும்பாலும் சாக்கடைக் குழாய் வழியாக வருவது. பாத்ரூம் ஜாலியை இரவில் மூடிவிட்டு, குழாய் சுவருக்குள் நுழையும் இடத்து இடைவெளியை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்தால் அதன் வரத்து நன்றாகக் குறையும். கழுத்துப் பக்கம் இரண்டு கருங்கோடு உள்ள சின்னக் கரப்பான் வேறு ரகம். மளிகை வந்த அட்டைப்பெட்டியோடு வந்து, ஃபிரிட்ஜ் மோட்டார் சூட்டில் குடும்பம் பெருக்கும். அதற்கு ஜெல் மருந்தைக் கதவுக் கீல் இடுக்கில் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும்.

ஸ்பிரேயை நான் வாங்குவதே இல்லை. கரப்பானைப் பிடிக்கிற ஆட்களையும் அது சேர்த்துக் கொன்றுவிடும். பாத்ரூம் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்னக் கறுப்புக் குளவி, தன் குட்டி வயிற்றை விடாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கரப்பானின் முட்டைப்பைக்குள் தன் முட்டையை வைக்கும். பொரிந்து வரும் புழு உள்ளே இருக்கும் முட்டைகளைத் தின்றே வளரும். நம்மைச் சீண்டாது. தயவுசெய்து அதை அடிக்காதீர்கள். இன்னொன்று மரகதக் குளவி: உடம்பு முழுக்கப் பச்சைப் பளபளப்பு, தொடையில் சிவப்பு. பெரிய கரப்பானின் மூளையிலேயே குறிபார்த்துக் கொட்டும். கொட்டு வாங்கிய கரப்பான் சாகாது, ஆனால் தானாக ஓடும் எண்ணம் போய்விடும். அப்புறம் குளவி அதன் மீசையைப் பிடித்து, மாட்டைக் கயிற்றில் ஓட்டிப்போவது போலத் தன் வளைக்குக் கூட்டிப்போகும். அங்கே குளவிக் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு.

எறும்பு வரிசையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் வாசனைத் தடம் அழிந்துவிடும். அரிசியில் வண்டு வந்தால் வெயிலில் பரப்பி, புடைத்து, இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். மழைக்காலத்தில் ஈசல் பறக்கும் மாலையில் வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டால் அவை உள்ளே வராது.

தோட்டத்துக்கு மருந்து அடிக்குமுன் ஒருமுறை கத்தரிப் பூவைக் காலையில் பாருங்கள். அதன் மகரந்தப் பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கும், மகரந்தம் லேசில் உதிராது. நீலப்பட்டைத் தேனீ பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கைத் தசையை அதிரவைத்து ரீங்கரிக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். காய் நன்றாகப் பிடிப்பதில் இந்தத் தேனீக்குப் பெரிய பங்கு உண்டு.

கொசு விஷயத்தில் மட்டும் நான் இரக்கம் பார்ப்பதில்லை, டெங்கு அப்படிப்பட்ட நோய். குளத்தில் கொசுப்புழுவைத் தட்டானின் குஞ்சு தின்னும். நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில், ஃபிரிட்ஜ் பின்புறத் தட்டில், மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பாவில் தட்டான் இருக்காது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்குக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது காய்ந்த நிலையிலேயே பல மாதம் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே வாரம் ஒருமுறை உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள்.