கோடங்கியா, டாக்டரா? கேளுங்கள், சொல்கிறேன்

மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 22 வருடம் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எழுதிக் கேட்டதும் அதற்கு என் பதிலும் கீழே. வருடா வருடம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறவளும்தான். அதனால் 'உங்களுக்குச் சாமி நம்பிக்கை கிடையாதா' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

தங்கைக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள். மூன்று ராத்திரியாகத் தூக்கமே இல்லை. 'இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள்' என்கிறாள். காத்து கருப்பு என்று அத்தை கோடங்கிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். இன்று ராத்திரியே கிளம்புங்கள். பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரத்தில் வருகிற கடுமையான மனநோய் இது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். காலையில் தெளிவாகப் பேசுவாள், சாயங்காலம் தலைகீழாக மாறுவாள். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் வீட்டில் 'சரியாகிவிட்டது' என்று ஏமாறுவார்கள். தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். பிரசவச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார்கள். அத்தையோடு சண்டை வேண்டாம். கோடங்கி அப்புறம் வரட்டும்.

அம்மாவுக்கு 72 வயது. மூன்று நாளாக, செத்துப்போன அப்பாவோடு பேசுகிறார். திதி கொடுக்காததால் இருக்குமோ?

திதி எப்போது வேண்டுமானாலும் கொடுங்கள். நாளைக் காலை சிறுநீர், ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு, சர்க்கரை மூன்றையும் பாருங்கள். வயதானவர்களுக்குத் திடீரென்று இப்படி வந்தால் முக்கால்வாசி உடம்புக் கோளாறுதான். மனநல மருத்துவரிடம்கூட வேண்டாம், முதலில் பொது மருத்துவர்.

அண்ணன் மனவெழுச்சி நோய்க்கு ஆறு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கப் போகிறோம். விரதம் இருக்கும்போது மாத்திரையை நிறுத்தலாமா?

தாராளமாகப் போய்த் தங்குங்கள். முகத்தில் தீர்த்தம் தெளிக்கும்போது எத்தனையோ பேர் மனசு லேசாவதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியத்தைச் சட்டென்று விட்டால் பழைய வேகம் திரும்பிவிடும். இன்னொன்று, தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். அப்படி வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளம்பும் முன்பே டாக்டரிடம் விரதத்தைச் சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

செய்வினை எடுக்க 40 ஆயிரம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள்.

என் ஜாதகத்தில் சந்திரன் நீசம்...

எனக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது தம்பி. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதுங்கள், பேசலாம்.

கோயிலில் தங்கி மாத்திரை இல்லாமலே இருபது சதவீதம் குணமானது என்று உங்கள் மருத்துவப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை ஐயா, எனக்குப் பிடித்த கட்டுரை அது. 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பார்த்தார்கள். சராசரியாக ஐந்து வாரம் தங்கினார்கள். நோய்க்குறி மதிப்பெண் கிட்டத்தட்ட 53லிருந்து 43க்கு இறங்கியது. நீங்கள் சொல்லும் இருபது சதவீதம் இந்த இறக்கம்தான், இருபது சதவீதம் பேர் குணமானார்கள் என்பதல்ல. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. 43 என்பது குணமும் இல்லை.

ஆனால் அங்கே என்ன கிடைத்தது என்று பாருங்கள். காசு வாங்கவில்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தார். கோயில் வேலையில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. நான் ஓ.பி.யில் ஒருவருக்குக் கொடுத்தது ஐந்து நிமிடம். அதற்கு வெட்கப்படுகிறேன். அதற்காக மாத்திரை வேண்டாம் என்று ஆகிவிடாது.

குறுக்கிடுகிறேன். அப்போ ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடி தர்கா? மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியோடு எரிந்தார்களே. தர்காவை எல்லாம் இழுத்து மூட வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6. அன்றைய செய்தித்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் தீப்பிடித்தது தர்காவில் இல்லை. அதைச் சுற்றிப் பணத்துக்கு நடத்திய காப்பகங்களில் ஒன்றில். இந்த வித்தியாசம் முக்கியம். இன்று அதே ஏர்வாடியில் 'மருந்தும் பிரார்த்தனையும்' என்று அரசு மனநலப் பிரிவு நடக்கிறது. துவா ஓதிவிட்டு வந்து மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். தர்காவை மூடியிருந்தால் அவர்களை எங்கே தேடிப் பிடிப்பது?

அப்போ சங்கிலி போடலாம் என்கிறீர்களா?

எங்கே சொன்னேன்? 2017 மனநலச் சட்டம் 95ஆம் பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. கோயில், தர்கா, ஜெபக்கூடம், உங்கள் வீட்டுத் திண்ணை, எங்கேயும்தான். மயக்க மருந்து தராமல் மின் அதிர்ச்சி கொடுப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. அது எங்கள் ஆட்களுக்கு.

நான் தர்கா பக்கம் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் சொல்வது சரி. ஆனால் மாத்திரை வாங்கியதும் வீட்டு ஆட்கள் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கு யார் மருந்து தருவது?

இதற்கு என்னிடம் பதில் இல்லை பாய்.

மாத்திரை மூளையை மழுங்கடிக்குமா? மூன்று வாரம் சாப்பிட்டேன், ஒன்றும் இல்லை, நிறுத்தலாமா?

இந்தக் கேள்வி எனக்கு வருவது இது நான்காவது தடவை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தூக்கம் வந்து அசத்தினால் அளவை மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். இனி இந்தக் கேள்விக்கு எழுத மாட்டேன்.

காசு இல்லை, வண்டி வசதியும் இல்லை. யாரிடம் பேசுவது?

14416, அரசு மனநல உதவி எண். இலவசம், ராப்பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்று தோன்றினால் விடியும் வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

முதலில் கேட்டவன்தான். தங்கையைச் சேர்த்துவிட்டோம். ஊசி போட்டிருக்கிறார்கள், தூங்குகிறாள். பிள்ளை சித்தியிடம் இருக்கிறான். கோடங்கிக்கு அத்தை முன்பணம் கொடுத்துவிட்டாராம், திரும்பக் கிடைக்குமா?

நல்ல காரியம் செய்தீர்கள். முன்பணம் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைக்கு மொட்டை போடும்போது கோடங்கியை ஒரு உடுக்கைப் பாட்டாவது பாடச் சொல்லுங்கள்.